தோட்டத்து டவுனில் பழைய கோப்பிக்கடை: காலைக் கோப்பி முதல் கடைசிப் போத்தல் வரை

மலேசியாவில் பீடோங், சுங்கை சிப்புட், தஞ்சோங் மாலிம், குளுவாங் என்று செம்பனையும் கித்தாவும் (ரப்பர் மரம்) சூழ்ந்த டவுன் எதில் இறங்கினாலும், ரயில் நிலையத்துக்கோ பழைய பஸ் நிறுத்தத்துக்கோ பக்கத்தில் ஒரு மூலைக்கடை பெரும்பாலும் கண்ணில் படும். காலையில் அது கோப்பிக்கடை, மத்தியானம் சோற்றுக்கடை, பொழுது சாய்ந்தால் பீர்க்கடை. தவுக்கேவும் (கடை முதலாளி) மேசைகளும் மாறுவதில்லை. வந்து உட்காருகிறவர்களும் சட்டியில் வேகிறதும்தான் மாறும்.

புதிதாகப் போகிறவர்கள் கோட்டை விடுவது இந்த வேளைக் கணக்கைத்தான். பதினொரு மணிக்குப் போய் ரொட்டி பாக்கார் (கரியில் சுட்ட ரொட்டி) கேட்டால் கரி அணைந்திருக்கும். நாலு மணிக்குச் சிக்கன் சாப் கேட்டால் சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் இந்த வழிகாட்டி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது.

நாளும் வேளையும்

முதலில் மாதத்தில் எந்த நாள் என்று பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே தோட்டத்து டவுனில் ஏழாம் தேதியை ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளில்தான் கூட்டம் நெரியும். கலகலப்பு வேண்டுமென்றால் அப்போது போங்கள். தவுக்கேவோடு நாலு வார்த்தை பேச வேண்டும், சுவரில் தொங்கும் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் இருபதாம் தேதிக்கு மேல், வார நாளில், காலை ஒன்பது மணிக்குப் பிறகு. புதன், சனி, ஞாயிறு மாலைகளில் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல் இருப்பதால் எந்த மேசையிலும் பேச்சு அதைச் சுற்றித்தான் ஓடும். அன்றைக்கு ஊர்க்கதை கேட்டுப் பயனில்லை.

மழைக்காலக் காலைகள் தனி ரகம். பட்டை நனைந்தால் மரம் வெட்ட (பால் எடுக்கப் பட்டையைக் கீற) முடியாது, பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி மரத்தில் வழிந்து வீணாகிவிடும். கித்தா இன்னும் மிச்சமிருக்கும் பகுதிகளில் விடியற்காலை மழை பெய்தால், பெரட்டுக்குப் (விடியற்காலை ஆளெடுப்புக்கு) போனவர்களில் பாதிப் பேர் ஏழு மணிக்கெல்லாம் கடையில்தான் இருப்பார்கள். மேசை கிடைப்பது கஷ்டம், ஆனால் அந்தக் காலைக்கு ஈடான காலை வேறில்லை.

சீனப் புத்தாண்டையொட்டிப் பல நாள் கடை சாத்தியிருக்கும். வார விடுமுறை கடைக்குக் கடை வேறு. தூரத்திலிருந்து வருவதானால் முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பழைய கடை எது, வேடம் போட்ட கடை எது

பழைய பாணி நாற்காலியும் மேசையும் வாங்கிப் போட்டுப் பேரங்காடியில் நடத்தும் கடைகள் இப்போது நிறைய. அங்கே கோப்பி மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் தேடுவது அதுவல்ல. அசலைக் கண்டுபிடிக்க நாலு இடம் பாருங்கள்.

மேசையில் கை வையுங்கள். அசல் சலவைக்கல் வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கும். மேற்பரப்பில் மங்கிய வட்ட வட்டத் தடங்கள் தெரிந்தால் இன்னும் நல்லது: அவை எலுமிச்சைச் சாறு நிறைந்த கிளாசுகள் உட்கார்ந்த இடங்கள். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரித்துப் பளபளப்புப் போய்விடும். பிளாஸ்டிக் தகடு ஒட்டிய போலி மேசையில் அந்தத் தடம் விழாது. அடுத்து நாற்காலி. ஆவியில் வளைத்த ஒரே மரத்துண்டு முதுகாகவும் பின்கால்களாகவும் இறங்கினால் அது பழைய வகை. மூன்றாவது கோப்பி போடும் இடம்: நீண்ட மூக்கு வைத்த தகரப் பாத்திரமும், கறுத்துப்போன துணி வடிகட்டியும் இருக்க வேண்டும். கடைசியாக வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். முகப்பில் கட்டிய ஆண்டு பொறித்திருக்கலாம். ஆனால் அது கட்டடத்தின் வயது, கடையின் வயது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே, அஞ்சடி, அது 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டு மலாயா டவுன்களுக்கும் பரவியது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வைத்த இடம். இன்றைக்குக் கடையின் நல்ல மேசைகள் பல அங்கேதான் கிடக்கின்றன.

இந்தக் கடைகளில் பெரும்பாலானவை ஹைனான் சீனர்கள் தொடங்கியவை. ஹொக்கியன், கண்டனீஸ் ஆட்களுக்குப் பிறகு கப்பலேறி வந்த அவர்களுக்கு ஈயமும் வியாபாரமும் ஏற்கெனவே பிறர் கைக்குப் போயிருந்தன. மிஞ்சியது குசினி வேலை. துரை பங்களாவிலும் கப்பலிலும் கிளப்பிலும் வெள்ளைக்காரனுக்குச் சமைத்தார்கள். பிறகு சொந்தமாகக் கடை போட்டபோது அந்தச் சமையலும் கூடவே வந்தது. சோயா சாஸ் ஊற்றிய சிக்கன் சாப், வெண்ணெய் வைத்த ரொட்டி எல்லாம் அந்தக் குசினியின் மிச்சம். கோலாலம்பூரில் தோட்டத் துரைமார் வந்து குடித்துச் சாப்பிட்ட கொலிசியம் உணவகம் 1921இல் திறந்தது. தஞ்சோங் மாலிமின் யிக் முன் 1926இலும், குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடை 1938இலும் தொடங்கியவை. ஈப்போவின் சிங்களீஸ் பார் 1931. கொலிசியமும் சிங்களீஸ் பாரும் இருப்பது பெரிய நகரத்தில் என்றாலும், சின்ன டவுன் கடையைப் புரிந்துகொள்ள ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

உட்கார்ந்து சொல்வது

யாரும் வந்து இடம் காட்ட மாட்டார்கள். காலி மேசையில் நீங்களே உட்கார வேண்டும். கூட்டமாக இருந்தால் "இங்க உக்காரலாமா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு இன்னொருவர் மேசையில் உட்காருவது வழக்கம், மரியாதைக் குறைவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடை ஒருவருடையது, உள்ளே இருக்கும் மீ (நூடுல்ஸ்) கடையும் சோற்றுக் கடையும் வாடகைக்கு எடுத்தவர்களுடையவை. தண்ணீர் வகை எல்லாம் கடைக்காரர் கணக்கு. அதனால் முதலில் அவருடைய ஆள் வந்து என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார். அதைச் சொல்லிவிட்டு, எழுந்து போய் வேண்டிய கடையில் சாப்பாட்டைச் சொல்லி, உங்கள் மேசையைக் காட்டிவிட்டு வாருங்கள். தட்டு வந்ததும் அவருக்குத் தனியாகக் காசு. மெனு அட்டை வரும் என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு "கவனிக்கவே இல்லை" என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அட்டையே கிடையாது. தண்ணீர் எதுவும் சொல்லாமல் மீ மட்டும் சாப்பிட்டால் தவுக்கே முகம் மாறும். இடமும் மின்விசிறியும் அவருடையதாயிற்றே.

கோப்பி சொல்லத் தெரிந்தால் பாதி மரியாதை கிடைத்துவிடும். வெறும் "கோப்பி" என்றால் டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப் பால் ஊற்றியது. "கோப்பி ஓ" பாலில்லாமல் சீனி மட்டும். "கோப்பி ஓ கோசோங்" இரண்டும் இல்லை. "கோப்பி சி" என்றால் டின்னில் வரும் நீர்ப்பாலும் சீனியும். பின்னால் "கவ்" சேர்த்தால் திக்காக வரும், "போ" சேர்த்தால் தண்ணியாக. "பெங்" என்றால் ஐஸ். கோப்பியும் தேயும் (தேநீர்) கலந்தது "சாம்". இனிப்பைக் குறைக்க "குராங் மானிஸ்" போதும், எல்லோருக்கும் புரியும். முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை "கோப்பி ஓ குராங் மானிஸ்". பால் மறைக்காததால் அந்தக் கடை கொட்டை வறுக்கும் பக்குவம் அதில்தான் நாக்குக்குத் தெரியும்.

கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். கறுப்பு நிறமும் கருகல் வாசமும் சீனி கருகுவதால் வருபவை. பாக்கெட்டில் "கோப்பி சம்புரான்" (கலப்புக் கோப்பி) என்று அச்சிட்டிருப்பதும் அதனால்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோசோங் கேட்டாலும், கொட்டையிலேயே சீனி இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். கெட்டிப் பால் அடியில் தங்கும், கலக்காமல் குடித்தால் மேலே கசப்பும் அடியில் பாகுமாகப் போகும். குடிக்கும் முன் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்குங்கள். பொறுக்க முடியாத சூடாக இருந்தால் பெரியவர்களைப் பார்த்துச் சாசரில் ஊற்றிக் குடிக்கலாம். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும்

காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் பசியாற வேண்டியது இது. ரொட்டியைக் கரியில் சுட்டு, காயா தடவி, நடுவில் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைப்பார்கள். வெண்ணெய் உருகி ரொட்டி ஊறும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் மொறுமொறுப்புப் போய்விடும். காயா என்பது தேங்காய்ப் பால், முட்டை, சீனி, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டியது. ஹைனான் காயா சீனியைக் கருக்குவதால் பழுப்பாக இருக்கும், பச்சையாக இருப்பது ஞோஞா (பெரானாக்கான் சீனர்) வகை. சைவம் என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: இரண்டிலும் முட்டை உண்டு.

முட்டைதான் நிறையப் பேருக்குக் கைகொடுக்காமல் போவது. சில கடைகள் உடைத்துச் சாசரிலேயே கொண்டுவரும். சில கடைகள் சுடுநீர்க் குவளைக்குள் இரண்டு முட்டையைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடும். அப்படி வந்தால் உடனே உடைக்காதீர்கள். வரும் ஆளிடம் "எப்ப போட்டீங்க?" என்று கேட்டு, நீரில் விழுந்ததிலிருந்து ஆறு, ஏழு நிமிடம் கணக்கு வையுங்கள். பிறகு நடுவில் தட்டி, சாசரில் ஊற்றி, சோயா சாஸ் ஐந்தாறு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை. ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி எடுக்க மறக்க வேண்டாம், பதமான பாகம் அதுதான்.

வீட்டில் செய்து பார்க்க அளவு: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் 60 கிராம் முட்டை இரண்டை மெல்ல இறக்கி, மூடி, ஏழு நிமிடம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த முட்டை தண்ணீரின் சூட்டை இழுத்துவிடும், வெள்ளை கண்ணாடிபோல் ஓடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், முடியாதென்றால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நாலு முட்டை வேண்டுமென்றால் தண்ணீரையும் இரட்டிப்பாக்க வேண்டும். அடுப்பை எரியவிட்டால் ஏன் கெடுகிறது என்றால், மஞ்சள் 65, 70 டிகிரியிலேயே இறுகத் தொடங்கும், வெள்ளையின் முக்கியப் புரதம் முழுதாக இறுக 80 டிகிரி வேண்டும். சூடு தானாகத் தணிந்துகொண்டே வரும் நீரில்தான் வெள்ளை பஞ்சாகவும் மஞ்சள் குழம்பாகவும் நிற்கும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், உடம்பு முடியாத பெரியவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

மத்தியானம்

பதினொன்றரைக்கு மேல் சிக்கன் சாப், கோழிச் சோறு, மீ வகைகள். சிக்கன் சாப் கேட்கும்போது "குவா ஆசிங்" என்று சொல்லிவிடுங்கள், குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். மேலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் பொரித்த மேல்தோல் நனைந்து தொளதொளத்துவிடும். குழம்பு வெங்காயம், சோயா, லீ பெரின்ஸ் சாஸ் சேர்த்தது. கூடப் பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வரும். சாஸில் நெத்திலி உண்டு.

பன்றி, மாடு சாப்பிடாதவர்கள் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்க வேண்டும், தட்டு வந்த பிறகு அல்ல. "பாக்காய் மிஞா பாபி கா?" என்றால் பன்றிக் கொழுப்பில் வதக்கியதா என்று சொல்லிவிடுவார்கள். சார் குவே தியாவில் (வதக்கிய பட்டை நூடுல்ஸ்) அது வழக்கம். கீரை வதக்கலில் பெலாச்சானோ (இறால் விழுது) சிப்பிச் சாஸோ இருக்கும். சைவர்களுக்கு இந்த வேளையில் இங்கே கோப்பி மட்டும்தான் நிம்மதி. சோற்றுக்குப் பக்கத்தில் வாழையிலைக் கடைக்குப் போய்விடுங்கள்.

பொழுது சாய்ந்தால்

நாலு, ஐந்து மணிக்கு மேசைகளின் முகம் மாறும். எல்லாக் கடையும் பீர் விற்காது. சிலவற்றை இப்போது முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்காக மாற்றி நடத்துகிறார்கள். விற்கும் கடையில் சுவரோரம் காலிப் போத்தல் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், 2017 டிசம்பர் 1 முதல் இது சட்டம். முஸ்லிம்கள் குடிப்பது மாநில ஷரியாச் சட்டப்படி குற்றம். ஆகவே மலாய் நண்பரோடு போனால் காலையில் போவதே அவருக்குச் செய்யும் மரியாதை. சிகரெட் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடை எதிலும் கூடாது, அஞ்சடி மேசையும் இதில் அடங்கும்.

வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். பீருக்குத் துணை கச்சானும் (வேர்க்கடலை) பொரித்த நெத்திலியும் எங்கும் கிடைக்கும். ஆனால் தோட்டத்து டவுனின் தனிச் சிறப்பு பெரட்டல்தான்: ஆடு, கோழி, சில ஊர்களில் காட்டுப்பன்றி. மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாக, நீர் வற்றும்வரை இரும்புச் சட்டியில் பெரட்டியது. சீனர் கடையில் அது இல்லாவிட்டால் பக்கத்துத் தமிழர் கடையில் வாங்கி வரலாமா என்று தவுக்கேவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பீர் எடுக்கிற மேசைக்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்.

பீர் பெரிய போத்தலாக வரும், கூடவே சின்னக் கிளாசுகளும் ஒரு வாளி ஐஸும். ஐஸ் போட்டுக் குடிப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் முகம் சுளிப்பதுண்டு. முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் அஞ்சடியில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஐஸ் வேண்டாமென்றால் கிளாசைச் சின்னதாக வைத்துக்கொண்டு அடிக்கடி ஊற்றுங்கள். கிளாசைச் சாய்த்து ஓரமாக இறக்கி, கடைசியில் நிமிர்த்தினால் இரண்டு விரல் நுரை நிற்கும். ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரைப் பழைய ஆட்கள் ஐஸ் இல்லாமல்தான் கேட்பார்கள், குளிர் ஏறினால் அதன் கருகல் மணம் அடங்கிவிடும். சீனர்கள் கின்னஸைக் "கறுப்பு நாய்" என்பார்கள், போத்தலில் நாய்த்தலை லேபிள் ஒட்டி வந்த காலத்துப் பெயர்.

காலிப் போத்தலை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். மேசைக் காலடியில் வரிசையாக நிற்கும், கடைசியில் எண்ணிக் கணக்குப் போடுவதற்கு. அதை ஒழுங்குபடுத்துவதாக நினைத்துப் பக்கத்து மேசைப் பக்கம் தள்ளிவைத்தால் சண்டைதான் வரும்.

எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஐந்து விழுக்காடு பீர் 600 மில்லி குடித்தால் சுத்தச் சாராயம் 30 மில்லி, எடையில் சுமார் 24 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். அதாவது ஒரு பெரிய போத்தல் இறங்க இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். கறுப்புக் கோப்பி குடித்தாலும் குளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் மூச்சில் சாராயத்துக்கு அனுமதி 100 மில்லிக்கு 22 மைக்ரோகிராம், முன்பு 35 இருந்தது. வண்டியில் வந்தவர் தொடவே வேண்டாம். தோட்டத்து டவுனில் இரவு ஒன்பதுக்கு மேல் கிராப் (செயலியில் அழைக்கும் டாக்சி) கிடைக்கும் என்று நம்பியும் உட்கார வேண்டாம், கிடைக்காத ஊர்கள்தான் அதிகம். திரும்பும் ரயில் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு முதல் போத்தலைத் திறங்கள்.

மலிவு விலைப் போத்தலைத் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சரக்கால் பலர் இறந்தார்கள். மெத்தனால் உடனே காட்டாது, பல மணி நேரம் கழித்துக் கண் மங்கும், வயிறு வலிக்கும். அப்படித் தோன்றினால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கள்ளு

கேட்காமல் விடமாட்டார்கள் என்பதால் சொல்கிறோம். உரிமம் உள்ள கள்ளுக்கடை சில இடங்களில் உண்டு. காலையில் இறக்கியது இனிப்பும் நுரையுமாக இருக்கும், பிற்பகலில் உறைப்பு ஏறும், மறுநாள் காடி. தானே புளித்துக்கொண்டிருப்பதால் மூடிய போத்தலில் வாங்கி வந்தால் வெடிக்கும். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, அது பதநீர்.

இதில் அழகு பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தோட்டத்தில் கூலியில் பெரும்பங்கை இழுத்த இடம் அந்தக் கள்ளுக்கடை. 1941இல் தொழிலாளர் தலைவர் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கி, 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதும்வரை போனது. இன்றும் சில குடும்பங்களில் பீர்க்கடைப் பெயரைச் சொன்னாலே பெரியம்மாக்கள் முகம் இறுகும். அவர்கள் இருக்கும் வீட்டில் தங்கினால் போய்வந்த கதையை அளந்து பேசுங்கள்.

கணக்கு முடித்துக் கிளம்புவது

சில்லறையாக ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கையில் வைத்திருங்கள். கடைக்காரர் கியூஆர் வைத்திருப்பார், உள்ளே இருக்கும் மீ ஆயா வைத்திருக்க மாட்டார். டிப்ஸ் வழக்கமில்லை, மீதிச் சில்லறையை விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். படம் எடுப்பதானால் மேசை, நாற்காலி, கோப்பிப் பாத்திரம் எடுங்கள், தவுக்கேவைக் கேட்டுவிட்டு. குடித்துக்கொண்டிருக்கும் ஆட்களை எடுக்க வேண்டாம்.

கடை சாத்தப் போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பின்பக்க விளக்கு முதலில் அணையும். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் கவிழ்ப்பார்கள். அது உங்கள் பக்கத்து மேசைக்கு வரும்போது கிளாசில் மிச்சமிருப்பதை முடித்து, காலடியில் இருக்கும் போத்தல்களை எண்ணிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.